இரண்டு புள்ளி தாருங்கோ

கரம்பொன் சந்தியில் அவரை "இரண்டு புள்ளி" என்றுதான் சொல்வார்கள். பெயர் சொன்னால் பாதிப்பேருக்குத் தெரியாது. "இரண்டு புள்ளி இப்பதான் ஸ்கூட்டியில போகுது" என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டம் அவருக்கும் தெரியும். ஒருமுறை தேத்தண்ணிக் கடை வாசலில் யாரோ அவர் காதுபடச் சொல்லிவிட்டுச் சிரித்தபோது, ஸ்கூட்டியை நிறுத்தி, "ஓம், இரண்டு. ஒண்டு காணாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நானும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது கலியாணம் கட்டி மன்னார்ப் பக்கம் போய்விட்டார். தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது அவருக்குப் பிடிக்காது.

அவர் வீடுகளுக்கு வரைபடம் கீறிக் கொடுக்கிற பெண். சந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையறை. முன்னால் போட்டோக்கொப்பி இயந்திரம், பின்னால் ஒரு மேசை, அதில் மடிக்கணினி. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். பின்னலில் ஒரு பென்சில் செருகியிருக்கும். இடுப்பில் அளவுநாடா தொங்கும். நான் வேலை செய்கிற கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீனி வாங்க வரும்போதும் அதைக் கழற்றமாட்டார். நான் அதிகம் பேசாத ஆள். அவரும் தேவையில்லாமல் பேசமாட்டார். அதனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவதோடு கனகாலம் போயிற்று.

எங்கள் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தில் வீட்டுப் படங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வரும். காசு அனுப்புகிறவரே படத்தையும் அனுப்புவார். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற ஒருவர் தனக்குத் தெரிந்த யாரையாவது பிடித்துக் கீறுவித்து, அதைப் பீடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவார். இங்கே இருக்கிறவர் அதை அச்செடுத்து மேசனிடம் கொடுப்பார். மேசன் தாளின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்து அளந்து கட்டுவார். அப்படிக் கட்டிய வீடுகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் அவர் சும்மா அச்செடுத்துக் கொடுக்கமாட்டார். வந்த பீடிஎஃபை முதலில் தன் கணினியில் இருக்கிற வடிவமைப்புச் செயலிக்குள் இறக்குவார். அதற்குள் போனால் படம் வெறும் படமாக இருக்காது. சுவரைப் பிடித்து நகர்த்தலாம், நிமிர்த்தலாம், வாசலால் புகுந்து அறை அறையாக நடந்தும் பார்க்கலாம். உள்ளே வந்ததும் பீடிஎஃப், நிலத்தில் விரித்த பாய் போல, மங்கலாகக் கிடக்கும். தாளில் ஒரு அங்குலம் நிலத்தில் எத்தனை அடி என்கிற அளவுத்திட்டத்தைச் செயலி கேட்கும். தாளின் மூலையில் எழுதியிருப்பதை அடித்துவிட்டு 'சரி' என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது. அந்த இடம் வந்ததும் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, எதிரில் இருப்பவரைப் பார்ப்பார்.

"இரண்டு புள்ளி தாருங்கோ."

படத்திலும் காணியிலும் இருக்கிற இரண்டு இடங்களைக் காட்டி, அவற்றுக்கு நடுவில் உண்மையில் எவ்வளவு தூரம் என்று சொல்லவேண்டும் என்பதுதான் பொருள். கிணற்றுக் கட்டிலிருந்து வேலி மூலை வரைக்கும், அல்லது முன்சுவரின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும். படத்தில் அந்த இரண்டு இடத்தையும் தொட்டு, நாடாவில் வந்த அளவை அடிப்பார். கண்முன்னே தாள் முழுவதும் கொஞ்சம் சுருங்கும், அல்லது விரியும். அதற்குப் பிறகுதான் அதை வீடு என்று சொல்வார். அதுவரைக்கும் அவருக்கு அது கடதாசி.

வந்தவர்களுக்குப் பொறுமை இருக்காது.

"உதிலேயே எழுதிக் கிடக்கெல்லோ பிள்ளை?"

"எழுதினது தாளுக்கு. நீங்கள் வீடு கட்டப்போறது காணியில."

நயினாதீவில் கோயிலுக்கு வருகிற சனத்துக்காகச் சாப்பாட்டுக்கடை போட நினைத்த ஒருவர் தன் கதையை எங்கள் கடையில் நின்று சொன்னார். அவரிடமும் இரண்டு புள்ளி கேட்டிருக்கிறார். அந்த மனிதர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் எடுக்க, மனைவி நாடாவைப் பிடித்து அளந்து, அளவையும் சொல்லி, நாடாவோடு ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறா. படம் கீறுகிறவர் போட்டோவைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் வாறன்" என்றாராம். அடுத்த நாள் குறிகட்டுவானில் போட் ஏறிப் போய் இறங்கியவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த நாடாவைக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"இதில முதல் அடி எங்க?"

"அது அறுந்துபோய்க் கனகாலம் பிள்ளை. நாங்கள் கழிச்சுத்தான் பாக்கிறது."

"அப்ப நேற்றுக் கழிச்சனீங்களோ?"

மனைவி கணவனைப் பார்த்திருக்கிறா. "இவர் கழிப்பார் எண்டு நான் விட்டிட்டன்."

"இவ கழிச்சுத்தான் சொல்லுறா எண்டு நான் நினைச்சன்" என்றாராம் கணவன்.

படம் கீறுகிறவர் சிரிக்கவே இல்லையாம். தன் நாடாவை எடுத்து நீட்டி, "அந்தத் தொங்கலைப் பிடியுங்கோ அண்ணை" என்றாராம். நாடாவைப் பிடித்த கையைக் காட்டிக் காட்டி அந்த மனிதர் எங்கள் கடையில் சிரித்தார்.

எல்லோரும் இப்படிச் சிரித்துக்கொண்டு போகவில்லை. புங்குடுதீவுக்காரர் ஒருவர் சுவிஸிலிருந்து விடுமுறையில் வந்தவர், இரண்டு புள்ளி கேட்டதும் கோபித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய் அச்செடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். வீடு எழும்பியது. நன்றாகத்தான் இருக்கிறது. படம் கீறுகிறவர் அடுத்த முறை சீனி வாங்க வந்தபோது நானே வாய் திறந்து அதைச் சொன்னேன்.

"ஓம் அக்கா, வடிவாத்தான் இருக்கு" என்றார். நான் கட்டிக் கொடுத்த சீனிப் பையை வாங்கிக்கொண்டு, "பின்சுவரை அளந்தவையோ தெரியாது" என்றார்.

அப்படி ஒரு பிடிவாதம். அதைப் பார்க்கிறவர்களுக்குச் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் எரிச்சல் வரும். எனக்கும் எரிச்சல் வந்தது, எங்கள் வீட்டுக்கு அவர் வந்த நாளில்.

என் தங்கை ஓட்டோ புரண்டதில் முதுகில் அடிபட்டவள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை, வீட்டில் வேறு ஆட்களும் இல்லை. கிணற்றடியில் நாலு பக்கமும் சீலை கட்டி, நான்தான் அவளைக் குளிக்க வார்ப்பேன். காற்றடித்தால் சீலை எழும்பும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கனடாவில் இருக்கிற அண்ணா ஒருநாள் போனில், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று அவளிடம் கேட்டார்.

"வேற ஒண்டும் வேண்டாம் அண்ணா. கதவைச் சாத்திப்போட்டு, நான் தனியக் குளிக்கவேணும்" என்றாள். சொல்லிவிட்டுப் போனை என் கையில் தந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அண்ணா தன் நண்பரான ஒரு பொறியியலாளரைக் கொண்டு, எங்கள் வீட்டின் பின்பக்கத்தோடு சேர்த்து ஒரு படுக்கையறையும் குளியலறையும் கீறுவித்து அனுப்பினார். ஐயர் அத்திவாரக்கல் வைக்க நாள் பார்த்துக் கொடுத்தார். "தங்கச்சி, படத்தை அச்சடிச்சுக் கொண்டு வாரும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார் மேசன் அண்ணை. நான் போனைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனேன். எத்தனை கொப்பி வேண்டும் என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

"வீட்டுப் பின்சுவர் எவ்வளவு நீளம் அக்கா?"

"தெரியாது."

"அப்ப நான் வாறன்."

"நாளையிண்டைக்குக் கல்லு வைக்கினம்" என்றேன்.

"அதுதான் இண்டைக்கே வாறன்."

நான் நாடாவின் ஒரு தொங்கலைப் பிடித்தேன். அவர் பின்சுவரை அளந்தார். மேசன் அண்ணை கட்டை அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து பீடிஎஃபை உள்ளே இறக்கினார். கோடுகளில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"இது கோடு இல்லை அக்கா, போட்டோ. பிடிக்க ஏலாது. மேலால திருப்பிக் கீறத்தான் வேணும்."

முதலில் தாளில் எழுதியிருந்த அளவுத்திட்டத்தைப் போட்டு, படத்தில் இருக்கிற பின்சுவரை அளந்தார். நாடாவில் வந்ததைவிடக் குறைவாக வந்தது.

"என்ன பிள்ளை, வீடு கட்டையாப் போச்சுதோ?" என்றார் மேசன் அண்ணை.

"வீடு அப்பிடியே இருக்கு. படம்தான் கட்டை."

அண்ணாவுக்குப் போன் எடுத்தோம். அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. "அவர் இஞ்ச பெரிய கட்டிடமெல்லாம் கட்டுறவர். உவ ஆர் பிழை சொல்ல?" என்று போன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எனக்கு அந்த இடத்தில் நிற்க ஏலாமல் இருந்தது. அவர் போனை என்னிடமிருந்து மெதுவாக வாங்கினார்.

"அவர் கீறினது சரியாத்தான் இருக்கும் அண்ணா. அதை என்னண்டு அனுப்பினவர் எண்டு மட்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நண்பர் படத்தைத் தாளில் அச்செடுத்து, கையெழுத்து வைத்து, அந்தத் தாளைப் போனால் படம் பிடித்துப் பீடிஎஃப் ஆக்கியிருக்கிறார்.

"அதுதான். கனடாவில பாவிக்கிற தாள் எங்கட தாளைவிடக் கட்டை. எங்கட தாளுக்கெண்டு கீறினதை அந்தத் தாளுக்க அடக்கிறதுக்கு அச்சு மிசின் தன்ர பாட்டில சின்னனாக்கிப் போட்டுது. எழுத்தில இருக்கிற அளவு பெரிசு. கோடு சின்னன்."

மேசன் அண்ணை குறுக்கிட்டார். "நான் எழுதிக் கிடக்கிற அளவைத்தானே பாத்துக் கட்டப்போறன்?"

"அறைக்கு எழுதிக் கிடக்கு அண்ணை. கதவுக்கு எழுதேல்ல. கதவுக்கு அடிமட்டம்தானே வைப்பியள்?"

மேசன் அண்ணை கையை விசிறினார். "அப்பிடி வைச்சாலும் என்ன, இரண்டு அங்குலம் குறையும். அதுக்கோ இவ்வளவு பாடு?"

அவர் நாடாவை எடுத்துக்கொண்டு எழும்பித் தங்கையிடம் போனார். "சின்னக்கா, சில்லை உருட்டுற மாதிரிக் கையை வைச்சுக்கொண்டு இருங்கோ." தங்கை நாற்காலிச் சக்கரங்களில் கை வைத்ததும், இந்தக் கையின் விரல் மொளியிலிருந்து அந்தக் கையின் விரல் மொளி வரைக்கும் நாடாவைப் பிடித்தார். பிறகு மேசன் அண்ணையைப் பார்த்து, "அந்த அளவில கட்டினால் கதிரை போகும். கை போகாது. பின்னால ஆரும் தள்ளினால் போகலாம்" என்றார்.

"தள்ள ஆள் வேணுமெண்டால் எனக்கு அந்த அறையே வேண்டாம்" என்றாள் தங்கை. படத்தைப் பற்றி அதுவரைக்கும் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பின்சுவரின் இரண்டு தொங்கலையும் படத்தில் தொட்டு, எங்கள் நாடாவில் வந்த அளவை அடித்தார். தாள் விரிந்தது. அதன்மேல் ஒவ்வொரு சுவராக, வாசலாகத் தானே கீறிக்கொண்டு வந்தார். பிறகு அறைக்குள் ஒரு சக்கர நாற்காலியையும் வைத்து, கணினியைத் தூக்கித் தங்கையின் மடியில் வைத்தார்.

"இந்த நாலு அம்புக்குறியாலயும் போகலாம். போய்ப் பாருங்கோ."

தங்கை திரையில் கட்டிலடியிலிருந்து வெளிக்கிட்டாள். சுவரில் இடித்தாள், பின்னுக்கு வந்தாள், திரும்பினாள். குளியலறை வாசல் வந்தது. உள்ளே போனாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். பிறகு அது நின்றுவிட்டது.

"நான் உள்ளுக்க நிக்கிறன். இப்ப கதவை எப்பிடிச் சாத்துறது?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நாற்காலி உள்ளே போனால் அது நிற்கிற இடமும் கதவு திரும்புகிற இடமும் ஒன்றாக இருந்தன.

"நான் இதைப் பாக்கேல்ல" என்றார் அவர். அளவெல்லாம் சரிபார்த்தவருக்கு அது பெரிய அடி என்று முகத்தில் தெரிந்தது. மேசன் அண்ணை ஆறுதலுக்குத்தான் சொன்னார்: "அதுக்கென்ன, ஒரு சீலையைப் போட்டு விட்டால் போச்சு. வீட்டில பொம்பிளையள் இரண்டு பேர்தானே."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"சீலை வேண்டாம்" என்றார் அவர். "கதவுக்குத்தானே அண்ணை இவ்வளவும்."

குளியலறையைப் பெருப்பிக்கலாம் என்று சுவரைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். கிணறு இடித்தது. படுக்கையறைப் பக்கம் தள்ளிப் பார்த்தார். கட்டிலுக்கு இடம் போதவில்லை. நான் வெறுந்தேத்தண்ணி போட்டுப் பனங்கட்டியோடு கொண்டுவந்து வைத்தேன். அவர் பனங்கட்டியை மட்டும் கடித்துக்கொண்டு இருந்தார், தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கடைசியில் கதவைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினார்.

"வெளியால திறக்கிற குளியலறைக் கதவோ?" என்றார் மேசன் அண்ணை. "இந்த ஊரில ஆரும் வைச்சதே? பாக்கிற சனம், மேசன் கதவைத் திருப்பிப் பூட்டிப்போட்டான் எண்டு சொல்லுமே!"

"இரண்டு புள்ளிதான் சொன்னது எண்டு சொல்லுங்கோ. நம்புவினம்."

மேசன் அண்ணைக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. அந்தப் பட்டத்தைச் சந்தியில் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

கதவின் உட்பக்கத்தில் குறுக்கே ஒரு நீளக் கம்பி பிடித்தால், உள்ளே போகிறபோதே அதைப் பிடித்துக் கதவைக் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம் என்று படத்தில் கீறிக் காட்டினார். தங்கை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தாள். கட்டில் மறித்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டார். மறுபடி போனாள். சரிவந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. நான் கோப்பையைக் கழுவ எடுத்தேன். அவர் கணினியை மூடிவிட்டு எழும்பினார்.

"வாங்கோ, காணியில பாப்பம்."

"இன்னுமோ?" என்றேன். எரிச்சல் வந்தது என்று சொன்னது இந்த இடத்தில்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

பின்வளவில் கட்டையும் நூலும் கொண்டு இரண்டு அறைகளையும் உள்ள அளவில் நிலத்தில் போட்டார். பழைய அலுமாரிக் கதவு ஒன்று வீட்டின் பின்கோடியில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து நிமிர்த்தி, குறுக்கே ஒரு தடியைக் கட்டி, ஒரு ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி மேசன் அண்ணையிடம் கொடுத்தார்.

"நான் இப்ப ஆர் பிள்ளை? நிலையோ, கதவோ?"

"பிணைச்சல். கதவைப் பிடிச்சுக்கொண்டு, இடத்தை விட்டு அசையாமல் திரும்பவேணும்."

"அறுபது வயசில பிணைச்சலாப் போனன்" என்று அவர் முனகினார். ஆனால் நன்றாகத் திரும்பினார். தங்கை மண்ணில் சில்லை உந்தி நூலுக்கு நடுவால் போனாள். முதல் முறை தடி கைக்கு எட்டவில்லை. "ஒரு சாண் கீழ" என்றாள். தடியைக் கீழே இறக்கிக் கட்டினார். இரண்டாம் முறை எட்டியது. அலுமாரிக் கதவும், அதைப் பிடித்தபடி மேசன் அண்ணையும், அவள் பின்னால் திரும்பி வந்து நூலின்மேல் நின்றார்கள். சுவர் இல்லாத வெளியில், அந்தக் கதவுக்குப் பின்னால் தங்கை இருந்தாள். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஆனாலும் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் படத்தை அச்செடுத்தார். கதவின் அளவைத் தன் கையால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். ஐயர் பார்த்துத் தந்த நாளிலேயே கல் வைத்தோம். சுவர் எழும்புகிறபோது அடிக்கடி ஸ்கூட்டியை வேலியோடு சாத்திவிட்டு வந்து அளந்துவிட்டுப் போவார். வாசலுக்கு நிலை வைத்த அன்று மேசன் அண்ணை தானே நாடாவின் ஒரு தொங்கலை எடுத்து நீட்டினார். "எப்பிடியும் கேப்பீர்" என்றார்.

வேலை எல்லாம் முடிந்து, குழாயில் தண்ணீர் வந்த நாள் அவரைக் கூப்பிட்டிருந்தேன். அண்ணாவும் வீடியோ அழைப்பில் இருந்தார். தங்கை சோப்பையும் துவாயையும் மடியில் வைத்துக்கொண்டு படுக்கையறையைக் கடந்து போனாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு சில்லை உந்தி உள்ளே போனாள். அவள் கைகள் நிலையில் முட்டவில்லை. கம்பியை எட்டிப் பிடித்தாள். கதவு அவள் பின்னால் போய் நிலையோடு பொருந்தியது. உள்ளே கதவுத் திறாங்கு போட்டுப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் கதவுக்குக் கிட்டப் போனேன். மேசன் அண்ணையும் வந்தார். "என்ன, என்ன நடக்குது?" என்று அண்ணா போனுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"விழுந்துகிழுந்து போனாளெண்டால்?" என்று நான் மெல்லக் கேட்டேன். படம் கீறினவர் வாயில் விரலை வைத்தார்.

வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. அதற்கு மேலால் தங்கையின் குரல் வந்தது.

"என்னத்துக்கு எல்லாரும் வாசலுக்க நிக்கிறியள்? போய் உங்கட வேலையைப் பாருங்கோ!"

இடுப்பில் அளவுநாடாவோடு அவர்தான் முதலில் திரும்பி நடந்தார்.